நேரில் வரத் தேவையில்லை

ஜூன் 12, 1994, ஞாயிறு

இந்த நாட்குறிப்பை அப்பா புத்தாண்டுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். தொடங்குவதற்கு நல்ல நாள் எது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் பாதி ஆண்டு போய்விட்டது. நாளை பள்ளி திறக்கிறார்கள். இதைவிட நல்ல நாள் இனி வராது.

பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. ஒன்றாம் வகுப்பில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நுழைந்த வாசலில் இந்த ஆண்டோடு என் போக்குவரத்து முடிகிறது. எனவே எல்லாவற்றையும் எழுதி வைக்கப் போகிறேன். நூலகத்தின் வாசனை, சாரல் நாளில் ஈரப் பாவாடையோடு பெஞ்சில் உட்காருவது, எல்லாம்.

இவ்வளவு எழுதியதும் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏட்டி உலகு, நீ எழுதிக்கிட்டே இருந்தா அரிசி யாரு களையுதது?"

ஜூன் 18, சனி

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். பெற்றோருக்குத் தேநீர் கொடுக்க மைமூனையும் என்னையும் நிறுத்தியிருந்தார்கள். மைமூன் என் தோழி, மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து இடம்.

பேச்சு முழுவதும் நூலகக் கூரையைப் பற்றித்தான். அது ஓட்டுக் கட்டடம். தென்காசியில் சாரல் பிடித்தால் உள்ளேயும் சாரல் பிடிக்கும். கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதி ஊறி ஊறித் தலையணை மாதிரி ஆகிவிட்டது. உத்திரத்தோடு மாற்றினால்தான் தப்பும் என்று கொத்தனார் சொல்லிவிட்டாராம்.

பணத்துக்கு வழக்கம்போல ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை சாரல் சந்தை நடத்தலாம் என்றார் தலைமையாசிரியை ஞானசௌந்தரி டீச்சர். கழகத் தலைவர் சங்கரநயினார் அண்ணாச்சி எழுந்தார். கீழரத வீதியில் இரும்புக் கடை வைத்திருப்பவர்.

"டீச்சர், நான் சொல்லுதேன்னு கோவிக்கப்படாது. ஒரு நா கூத்துக்கு ஒரு மாசம் அலையுதோம். எண்ணெய்க் காசு, விறகுக் காசு, பந்தக் காசு போக மிஞ்சுதது என்ன? நம்ம காச நாமளே பஜ்ஜியாத் தின்னுட்டு, ஏப்பத்தப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போன ஆண்டுச் சந்தையில், அடுப்பைத் தாண்டிப் போன அவர் மனைவியின் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது.

"வீட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு கவர்ல போட்டுக் குடுத்துட்டா சோலி முடிஞ்சுது. முடியாதவிய முடிஞ்சதக் குடுக்கட்டும். யாரும் கேக்கப் போறதில்ல."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அடுத்த சனிக்கிழமை கை தூக்கி முடிவு செய்வார்கள். அதற்கு முன் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை போகும்.

அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள்.

ஜூன் 20, திங்கள்

ஞானசௌந்தரி டீச்சர் என்னை அழைத்து, சுற்றறிக்கையை நான்தான் எழுத வேண்டும் என்றார்! "நான் எழுதுனா ஆர்டர் மாதிரி இருக்கும். நீ எழுதுனா ஜனங்க படிப்பாங்க."

மாலை முழுவதும் எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். ஐந்தாவது முறை வந்த பகுதியை இங்கே பதிந்து வைக்கிறேன்:

'ஒரு நாள் விழாவின் புகையும் இரைச்சலும் மறுநாள் மறைந்துவிடும். நூலகத்தின் கூரையோ தலைமுறைகளைக் காக்கும். உங்கள் நன்கொடையை நேரடியாக அனுப்புங்கள். வேலையை விட்டு, பயணம் செய்து, வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டாம். நேரில் வரத் தேவையில்லை. அனுப்பிவைத்தால் போதும்.'

கடைசி இரண்டு வாக்கியங்களை டீச்சர் இரண்டு முறை படித்தார். "கச்சிதம்," என்றார். இரவுச் சாப்பாட்டின்போதுகூட அந்தச் சொல் என் காதில் இருந்தது.

ஜூன் 22, புதன்

சுற்றறிக்கை அச்சாகி வந்துவிட்டது. கை முழுக்க மை. உள்ளூர்ப் பெற்றோருக்குப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டோம். வெளியூரில் இருக்கும் தந்தையருக்குத் தபாலில் அனுப்ப உறைகளில் விலாசம் எழுதும் வேலை எனக்கு. மைமூன் பக்கத்திலிருந்து தபால்தலை ஒட்டினாள்.

"துபாய் ஒண்ணு. ஜம்மு ஒண்ணு, பட்டாளத்துக்காரவிய. அடுத்தது எங்க?"

"திருநெல்வேலி."

"திருநெல்வேலியா? ஏட்டி, எங்க மாமா தெனமும் காலை ரயில்ல திருநெல்வேலிக்குப் போயிட்டுச் சாயங்காலம் வாராவ. அவ்வளவு தூரத்துக்கா தபாலு?"

அப்பாவின் அலுவலகத்தில் வேலை மிகவும் அதிகம் என்றேன். அவள் மாமாவுக்கு வேலை குறைவாக இருக்கலாம். மைமூன் ஏதோ சொல்ல வாயைத் திறந்துவிட்டு, தபால்தலையை நக்கி ஒட்டினாள்.

பிறகு கேட்டாள், "அப்போ இந்த வருசம் பஜ்ஜி இல்லையா?"

ஜூன் 25, சனி

நன்கொடை என்று முடிவாகிவிட்டது. அரங்கம் முழுக்கக் கைகள். என் சுற்றறிக்கையைப் பலர் கையில் வைத்திருந்தார்கள். ஒருவர் அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"சந்தைதான் வேணும்ங்கிறவிய?" என்று அண்ணாச்சி கேட்டார். இரண்டு கைகள். ஒன்று மைமூனின் உம்மா. இன்னொன்று அம்மா.

எனக்கு வியப்பாக இருந்தது. எண்ணெய்ப் புகை பட்டால் தலை வலிக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் சந்தை முடிந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பவள் அவள்தான். வரும் வழியில் கேட்டேன்.

"யாராவது தூக்கணும்லா," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சுற்றறிக்கையை எடுத்து மறுபடி படித்தாள். "இது நீ எழுதுனதா?"

"ஆமாம்மா. நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு." நான்காக மடித்து, தீப்பெட்டி வைக்கும் மாடத்தில் வைத்தாள்.

ஜூன் 29, புதன்

கணக்கு டீச்சர் விடுப்பு. சந்தை இல்லையென்றால் ஆகஸ்டில் அந்தச் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமைதான். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஜூலை 9, சனி

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. படிக்க உட்கார்ந்தால் சந்தை ஞாபகமே வருகிறது. இனி நடக்காது என்பதால் அதை எழுதி வைப்பது என் கடமை.

எங்கள் சாரல் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பாக்கள் அடுப்பில், அம்மாக்கள் கல்லாவில். ஆண்டில் ஒரு நாளாவது ஆம்பிளைகள் விரல் சுட்டுக்கொள்ளட்டும் என்று பழைய தலைமையாசிரியை யாரோ தொடங்கி வைத்தாராம். வங்கியில் வேலை பார்ப்பவர் அதிரசத்தைத் தவற விடுவார். வக்கீல் ஒருவர் தோசையைத் திருப்பத் தெரியாமல், கூடிநிற்பவர்களிடம் வாதாடிக்கொண்டிருப்பார். தகரப் பந்தலில் தூறல் சத்தம். டோக்கனைக் கையில் பொத்திக்கொண்டு, கொடியிலிருந்து ஒழுகும் சாயத்தண்ணீர் ரிப்பனில் படாமல் குனிந்து ஓடுவோம். எண்ணெயும் ஈரமண்ணும் சேர்ந்த அந்த மணம் வேறு எந்த நாளிலும் வராது.

எங்கள் வகுப்பின் வாழைக்காய் பஜ்ஜிக் கடை, நான் மூன்றாம் வகுப்புப் படித்ததிலிருந்து அப்பா அம்மாவுடையது. நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது அப்பா திருநெல்வேலிக்குப் போனார். ஆனாலும் சந்தைக்கு வந்துவிடுவார். விடியற்காலை முதல் பஸ். கையில் செய்தித்தாள் சுற்றிய ஜல்லிக்கரண்டி. பள்ளிக் கரண்டியில் எண்ணெய் வடியாது, சொந்தக் கரண்டிதான் வேண்டும் என்பார். பஸ் நிலையத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வருவார். மாலை பள்ளியிலிருந்து நேராகப் பஸ்ஸுக்குப் போவார்.

தீபாவளிக்கு அவரால் வர முடிவதில்லை, அலுவலக வேலை. துணி பார்சலில் வரும். அரையாண்டு விடுமுறைக்கு நான் போவேன். அம்மா இங்கே பஸ் ஏற்றிவிடுவாள், அப்பா அங்கே இறக்கிக்கொள்வார்.

போன ஆண்டு நான் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டது:

"மாவு தண்ணியா இருக்கு."

"அளவாத்தான் கரைச்சிருக்கு. உப்பு பாத்தியளா?"

"சரியா இருக்கு."

"எப்பவும் கூடன்னுதான சொல்லுவிய."

"இன்னைக்கி சரியா இருக்குன்னு சொல்லுதேன்லா."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்து வந்தவருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள். கூட்டுறவுப் பண்டகசாலையில் இத்தனை ஆண்டுகளாகப் பில் போடுகிறாள், ஒருநாளும் சில்லறை தப்பியதில்லை.

எதற்காக இதை எழுதினேன் என்று தெரியவில்லை. உப்பைப் பற்றிய உரையாடலில் இலக்கியச் சுவை ஒன்றும் இல்லை.

ஜூலை 14, வியாழன்

அப்பாவிடமிருந்து பள்ளிக்கு மணியார்டர் வந்திருக்கிறது. கேட்டதைப்போல இரண்டு மடங்கு. டீச்சர் என்னை அறைக்கு அழைத்து, செய்தி எழுதும் துண்டைக் காட்டினார்.

'நலம். நேரில் வரத் தேவையில்லை என்று அறிந்தேன். தொகை அனுப்பியுள்ளேன். சுற்றறிக்கையை எழுதிய பிள்ளையிடம், நன்றாக எழுதியிருக்கிறாள் என்று சொல்லவும்.'

"பாத்தியா, ஒன் எழுத்துன்னு கண்டுபிடிச்சிட்டாவ," என்று டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். வகுப்புக்குப் போகும் வழியில் குடிநீர்க் குழாயருகே சற்று நேரம் நின்றேன், தாகமாக இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"காசு வந்துட்டா? சரி." பிறகு, "வேற என்ன எழுதியிருந்தாவ?"

வரிக்கு வரி ஒப்பித்தேன். அம்மா குழாயை மூடப் போனாள். குழாய் மூடித்தான் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 15, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 22, வெள்ளி

கூரைக்கு வேண்டிய பணம் முழுவதும் சேர்ந்துவிட்டது. எந்தச் சந்தையிலும் இவ்வளவு சேர்ந்ததில்லை. யாருக்கும் கை சுடவில்லை. அண்ணாச்சி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, இதை நான் நேர்மையாகப் பதிய வேண்டும்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி ஓடு பிரிக்கிறார்கள். அதே சனிக்கிழமை. இன்று டீச்சர் அறையில் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. நூலகப் பொறுப்பு மாணவி என்பதால் நானும் இருந்தேன்.

"ஓடு பிரிக்கதுக்குத்தான் கூலி பேசியிருக்கு," என்றார் கொத்தனார். "பொஸ்தகத்த நாங்க தொட மாட்டோம். அதுக்கு முந்தி வெளிய எடுத்துருங்க."

"ஆள் பிடிச்சிரலாம்," என்றார் அண்ணாச்சி. "சாக்குல கட்டித் தூக்கிருவானுவ."

"சாக்குலயா?" டீச்சர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏற்கெனவே பாதி நனைஞ்சு கெடக்கு. சாக்குல போட்டா அட்டை ஒரு பக்கம், ஏடு ஒரு பக்கம்."

எனக்கு எப்படித் துணிவு வந்ததோ தெரியவில்லை. "பெற்றோரைக் கூப்பிடலாம் டீச்சர். வரிசையா நின்னு கைமாத்திக் குடுத்தா பிரார்த்தனைக் கூடம் வரைக்கும் போயிரும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏ பிள்ள, வர வேண்டாம்னு எழுதுனதும் நீ, வாங்கன்னு எழுதப் போறதும் நீயா?"

"எழுதட்டும் அண்ணாச்சி," என்றார் டீச்சர். "பேனா அவளோடது."

ஜூலை 23, சனி

இம்முறை கிழிக்கவே இல்லை. மூன்று வரிகள்தான்.

'இப்போது பணம் வேண்டாம். ஆகஸ்ட் 6 அன்று நூலகப் புத்தகங்களை இடம் மாற்றக் கைகள் வேண்டும். அன்புகூர்ந்து நேரில் வாருங்கள்.'

மைமூன் படித்துவிட்டு, "போன தடவ மாதிரி அழகா இல்லையே," என்றாள். உண்மைதான்.

மாலையில் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெளியூருக்கும் போவுதா இது?"

"இல்லம்மா. துபாயிலேருந்தும் ஜம்முவிலேருந்தும் புத்தகம் தூக்க யார் வருவா?"

"திருநெல்வேலிக்கு?"

நான் அடுக்கிய பிரதிகளையே மறுபடி அடுக்கினேன். அம்மா தன் கைப்பையிலிருந்து தபால் உறை ஒன்றை எடுத்தாள். பண்டகசாலையிலிருந்து வரும்போதே வாங்கியிருக்கிறாள். நான் பேனாவைத் திறந்தேன்.

"நீ வை. விலாசம் நான் எழுதுதேன்."

பில் போடும் அதே கோணல் எழுத்தில், உறையை முழங்காலில் வைத்து, மெதுவாக எழுதினாள். அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' போட்டாள். பிறகு சுற்றறிக்கையை உள்ளே வைத்து ஒட்டினாள். வேறு எதுவும் எழுதவில்லை, நான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

தேர்வு. அறிவியல் சுமார். திருநெல்வேலியிலிருந்து பதில் ஒன்றும் இல்லை. சுற்றறிக்கைக்குப் பதில் எழுதும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

ஆகஸ்ட் 6, சனி

எங்கே தொடங்குவது?

காலை ஏழு மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். சாரல் இருந்தது, பந்தல் இல்லை, கொடி இல்லை. பத்துப் பேர் வந்தால் பெரிது என்றார் டீச்சர். ஆனால் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். தோசை வக்கீல் வந்தார். "இந்தச் சனிக்கிழம காலு தானா இங்ஙன திரும்புது," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மா பண்டகசாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். சந்தைக்கு உடுத்தும் அதே பச்சைச் சேலை. பழைய சேலையாம், அழுக்கானால் பரவாயில்லையாம்.

வாசலில் குடையை மடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொருள்.

"வாங்க, வாங்க," என்று அண்ணாச்சி உரக்கச் சிரித்தார். "பொஸ்தகம் அள்ளவா கரண்டி?"

"கை பழகிப்போச்சு அண்ணாச்சி," என்றார் அப்பா. "கெளம்பும்போது எடுத்துட்டேன். பஸ் ஏறின பொறவுதான் தெரியுது."

என்னிடம் வந்தார். "வளந்துட்ட மக்கா," என்று தலையில் கை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கவர்ல எழுத்தப் பாத்தேன்," என்றார்.

நூலகத்திலிருந்து பிரார்த்தனைக் கூடம் வரை வரிசை நின்றது. அப்பா வரிசையின் கடைசிக்குப் போனார். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற மைமூனின் உம்மா திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க இங்ஙன நில்லுங்க. எனக்கு இடுப்பு வலிக்கு."

அப்பா வந்து நின்றார். (மைமூனின் உம்மா பிற்பகலில் ஒரு பெஞ்சைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். வலி விரைவில் குணமானதில் மகிழ்ச்சி.)

புத்தகங்கள் நகரத் தொடங்கின. நான் அலமாரியருகே நின்று வரிசை எண் பார்த்துக் கொடுத்தேன். அப்பா, அம்மா நின்ற இடம் என் காதுக்கு எட்டும் தூரம். எட்டாவிட்டாலும் எட்டியிருக்கும். முதல் அலமாரி காலியானது. பிறகு:

"இது கனம்."

"பிடிச்சாச்சு."

"ரெண்டு ரெண்டா குடுக்காண்டாம். ஒண்ணொண்ணா குடுங்க," என்றாள் அம்மா.

கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதி போனது. அப்பா அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். "இது என்ன, பொஸ்தகமா தலையணையா?"

அம்மா சிரித்துவிட்டாள். வாய்விட்டு. எதிரில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. புத்தகம் அவள் கையிலிருந்து நழுவ, "கோமதி, பாத்து," என்று அப்பா பிடித்தார். அம்மாவுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது. வீட்டில் அவளை அம்மா என்று கூப்பிட நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

மதியத்துக்குள் அலமாரிகள் காலி. எல்லோருக்கும் பசி. சாப்பாட்டைப் பற்றி யாருமே யோசித்திருக்கவில்லை, நானும்தான். அப்போது அண்ணாச்சி கடைப் பையனை அனுப்பி அடுப்பும் புதுச் சட்டியும், வழியில் வாழைக்காயும் மாவும் எண்ணெயும் எடுத்துவரச் சொன்னார்.

"கரண்டி தானா வந்திருக்கு. சும்மா திருப்பி அனுப்புனா பாவம்."

அவர் மனைவியே வாழைக்காய் சீவ உட்கார்ந்தார். முன்கையில் பழைய தழும்பு தெரிந்தது. "அடுப்பு பக்கம் மட்டும் வரச் சொல்லாதிய," என்றார்.

விற்பனை இல்லை, டோக்கன் இல்லை. கல்லாவும் இல்லாததால் அம்மாவுக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. அடுப்பருகே வந்து நின்று, வாழைக்காயை மாவில் தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தாள். அப்பா வாங்கிப் போட்டார். இருவருக்கும் புகை. உப்பைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சாரல் சத்தத்தில் கேட்கவில்லை, நான் கிட்டப் போகவும் இல்லை.

நான் சாப்பிட்ட பஜ்ஜியில் உப்பு கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

மாலையில் அப்பாவை வழியனுப்பப் போனேன். அம்மாவும் வந்தாள். பண்டகசாலையில் சாவி கொடுக்க வேண்டுமாம், போகும் வழிதானாம். சனிக்கிழமை பண்டகசாலை மதியத்தோடு அடைத்துவிடும்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அப்பா படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். கரண்டியை நீட்டினார்.

"எண்ணெயா இருக்கு. பஸ்ல யாரு சேலையிலயாவது பட்டிரும். இங்ஙன இருக்கட்டும்."

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

"தொலைஞ்சு கிலைஞ்சு போச்சுன்னா என்னைய வந்து கேக்கப்படாது."

"கேக்கத்தான் வருவேன்," என்றார் அப்பா.

நடத்துநர் விசில் அடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

நூலகத்துக்குக் கூரையே இல்லை. உள்ளே நின்று மேலே பார்த்தால் குற்றாலத்து மலை தெரிகிறது என்று மைமூன் வந்து சொன்னாள். மாலை போய்ப் பார்க்க வேண்டும்.

அம்மா தலைவலி என்று படுக்கவில்லை. காலையில் கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஒரு முறை கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்த்தாள். அடுக்களைச் சுவரில் எங்கே மாட்டலாம் என்று கையால் அளந்து பார்த்தாள். ஆணி இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்தேன்.

அம்மா அதை விரல் நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ரெண்டு நாளைக்குத் தாங்காது. நாளைக்கு அண்ணாச்சி கடை தொறந்ததும் நல்ல நீளமா ஒண்ணு வாங்கிட்டு வா."